ஏழாயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காத பெல்ட்

ஒண்ணுமில்லம்மா, நீங்க பாட்டுக்கு உக்காருங்க. நான் காலை அழுத்துறதைப் பாக்காதீங்க. டிரைவர் பிரேக் போட வேண்டிய இடத்துல போட மாட்டேங்குறாரு, அதான் என் கால் தானாப் போகுது. இந்தா, முன்னாடி ஒரு ஷேர் ஆட்டோ. அவன் எப்ப வேணும்னாலும் நிப்பாட்டுவான். இந்த மனுஷன் என்னமோ தனக்குன்னு போட்ட ரோடு மாதிரி போறாரு. பிடிங்கய்யா, பிடிங்க. ஆங், பிடிச்சுட்டாரு. இதை ஒரு நிமிஷம் முந்திப் பிடிச்சா என்ன குறைஞ்சு போகும்?

சின்னமனூரா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. பேச ஆள் இல்லாம பஸ்ல உக்காந்தா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

மடியில இருக்கிறதா? பயப்படாதீங்க, பெல்ட்டு. ஸ்கூட்டர் பெல்ட்டு. இதுக்குத்தான் தேனி வரைக்கும் வந்தேன். கம்பெனி பெல்ட்டை நாமளே வாங்கிக் குடுத்துட்டா நல்லது. மெக்கானிக் கையில விட்டா எது கிடைக்குதோ அதை மாட்டி விட்டுருவான். கியர் இல்லாத வண்டிக்கு செயின் கிடையாது தெரியுமில்ல? இஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இதுதான் ஓடுது. இது அறுந்துச்சுன்னா இஞ்சின் பாட்டுக்கு உறுமும், வண்டி நின்ன இடத்துல நிக்கும். தொட்டுப் பாருங்க. உள்பக்கம் பல்லு பல்லா இருக்கா? மேல ஒரு அம்புக்குறி போட்டிருக்கான் பாருங்க, எந்தப் பக்கம் சுத்தணும்னு. இது இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடணும். என் வண்டியில ஏழாயிரம் தாண்டுனதில்ல. இதோட ஆறாவது பெல்ட்டு. மூணரை வருஷத்துல ஆறு!

ஏன்னு கேளுங்க. நான் பொம்பளைங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்குறேன். "அமராவதி மகளிர் வாகனப் பயிற்சி"ன்னு போர்டு பாத்திருப்பீங்களே, சந்தைத் திடல் வாசல்ல? அந்த அமராவதி நாந்தான். காலைல அஞ்சரைக்குத் திடல்ல இருப்பேன். ஏழரை வரைக்கும் ஆளுக்கு அரை மணி நேரம். சந்தை கூடுற அன்னைக்கு மட்டும் லீவு. பதினோரு வருஷமாச்சு. முந்நூறு பேருக்கு மேல கத்துக் குடுத்தாச்சு. ஒருத்தி கீழ விழுந்ததில்ல. ஒருத்தி முழங்கால்ல ஒரு சிராய்ப்பு இல்ல. இந்த மாவட்டத்துல வேற எவராவது அப்படிச் சொல்ல முடியுமா? ஆம்பளைங்க நடத்துற ஸ்கூல்ல போய்ப் பாருங்க, வாரத்துக்கு ஒருத்தி கட்டுப் போட்டுக்கிட்டு வருவா.

இப்ப அந்த முந்நூறு பேரும் ஓட்டுறாங்களான்னா, அது அவங்கவங்க சௌகரியம். கொஞ்சப் பேரு ஓட்டுறாங்க. நிறையப் பேரு வீட்டுக்காரர் பின்னாடி உக்காந்து போறாங்க, பஸ்ல போறாங்க. கத்துக் குடுக்குறது என் வேலை, ஓட்டுறது அவங்க இஷ்டம். என் மகளுக்கும் நாந்தான் கத்துக் குடுத்தேன், மூணு மாசம், தினமும். கோயம்புத்தூர்ல வேலை பாக்குறா, லைசென்ஸ் வச்சிருக்கா. ஆனா வண்டியைத் தொட மாட்டா. ரெண்டு பஸ் மாறித்தான் ஆபீசுக்குப் போறா. ஏண்டின்னு கேட்டா, "பின்னாடி யாரும் இல்லாம எனக்கு ஓட்ட வராதும்மா"ங்குறா. இதெல்லாம் ஒரு காரணமா? அவளுக்கு வண்டி மேல ஆசையில்ல, அவ்வளவுதான்.

பெல்ட்டுக்கு வர்றேன். புதுசாக் கத்துக்கிறவளுக்கு முதல்ல வர்ற வியாதி என்ன தெரியுமா? பயத்துல ரெண்டு கையையும் சேர்த்து இறுக்கிருவா. வலது கை முறுக்கும், இடது கை பிரேக்கைப் பிடிக்கும். வண்டி போகவும் மாட்டாது, நிக்கவும் மாட்டாது. அழும். அப்பத்தான் உள்ள பெல்ட்டு தேயும். அதனால நான் பின்னாடி உக்காந்து, அவ கைக்கு அடியில என் இடது கையை விட்டு, பிரேக்கை லேசாத் தொட்டுக்கிட்டே இருப்பேன். லேசாத்தான். ஒரு பாதுகாப்புக்கு. அப்படியும் பெல்ட்டு போகுதுன்னா இவளுக எப்படி ஓட்டுறாளுகன்னு பாத்துக்கங்க.

போன மே மாசம் பஞ்சவர்ணம்னு ஒருத்தி வந்தா. வயசு நாப்பத்தி மூணு. எங்க ஊரு அங்கன்வாடியில பன்னெண்டு வருஷமா உதவியாளரா இருந்தவ. பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுறது, பாத்திரம் கழுவுறது, அந்த வேலை. அவளுக்குப் பதவி உயர்வு வந்துருச்சு. இனிமே அவதான் டீச்சர். ஆனா ஊரு மாத்தி, மலையடிவாரத்துல ஊசிமலைப்பட்டியில போட்டுட்டாங்க. பன்னெண்டு கிலோமீட்டர். காலைல ஆறு மணிக்கு ஒரு பஸ்ஸு, அதை விட்டா பதினோரு மணிக்கு. அங்கன்வாடியை ஒன்பதுக்குத் திறக்கணும். வீட்டுல நடக்க முடியாத மாமியார். அவங்களை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வச்சுட்டுக் கிளம்ப எட்டாயிரும். வீட்டுக்காரர் கேரளாவுக்கு லாரி ஓட்டுறாரு, வாரத்துக்கு ஒரு நாள் வந்தா உண்டு. ஜூன் ஒண்ணாம் தேதி சேரணும். சேரலைன்னா அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போயிரும், இவ பழையபடி பாத்திரம் கழுவ வேண்டியதுதான்.

"டீச்சர், இருபத்தஞ்சு நாள் இருக்கு. என்னைய எப்படியாச்சும் தனியா ஓட்ட வச்சிருங்க"ன்னு வந்து நின்னா. "பஞ்சவர்ணம், கவலையை விடு. பதினோரு வருஷத்துல ஒருத்தியை நான் விழ விட்டதில்ல"ன்னு சொன்னேன். "விழுந்தாலும் பரவால்ல டீச்சர், ஓட்டணும்"னா. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. விழுந்தாப் பரவால்லையாமே! விழுந்தவளைத் தூக்குறது யாரு?

நல்லாத்தான் கத்துக்கிட்டா, குறை சொல்ல மாட்டேன். சிரிச்ச முகம். திடல்ல நாய் குறுக்க வந்தாலும் சிரிப்பா, வளைவுல வண்டி சாஞ்சாலும் சிரிப்பா. ஆனா வண்டி மட்டும் அழுதுக்கிட்டே போகும். நானும் காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பேன், "கையை இறுக்காத, இறுக்காத"ன்னு. "நான் இறுக்கலையே டீச்சர்"னுவா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாளுக.

பத்தாம் நாள்லேயே, "டீச்சர், ஒரே ஒரு தடவை நீங்க இறங்கிக்கங்க, நான் திடலைச் சுத்திட்டு வர்றேன்"னா. அன்னைக்கு மழை பேஞ்ச ஈரம். எப்படி இறங்குறது? நாளைக்குப் பாப்போம்னேன். மறுநாள் அமாவாசை. அதுக்கு மறுநாள் பந்தல் போட வந்தவங்க திடல் பூரா மூங்கிலைப் போட்டு வச்சுட்டாங்க. அப்புறம் ஒரு நாள் எனக்கே மனசு சரியில்ல. ஒரு நாள் அவளுக்குக் கண்ணு சிவந்திருந்துச்சு, தூங்கலையாம். தூங்காதவளை எப்படித் தனியா விடுறது? நீங்களே சொல்லுங்க. காரணமில்லாமயா நான் இறங்காம இருந்தேன்? ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்துச்சே.

எங்க இருக்கோம்? வீரபாண்டி தாண்டியாச்சா? இந்த ஆளு வளைவுல ஹாரனே அடிக்கலையே!

மே முப்பது. ரெண்டு நாள்தான் பாக்கி. காலைல திடல்ல மூணாவது சுத்து. திடீர்னு டப்புன்னு ஒரு சத்தம். இஞ்சின் உறுமுது, வண்டி நகரல. பெல்ட்டு அறுந்து போச்சு. பஞ்சவர்ணம் மூஞ்சி செத்துப் போச்சு. "டீச்சர், நான்தான் ஒடிச்சுட்டேனா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்ல மனசு வரல. "போகுது விடு"ன்னேன். அப்படிச் சொன்னா என்ன அர்த்தம், அவளுக்குப் புரிஞ்சிருச்சு. ரெண்டு பேருமா வண்டியைத் தள்ளிக்கிட்டு சிக்கந்தர் கடைக்குப் போனோம்.

சிக்கந்தர் நம்ம பையன்தான், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். என் வண்டியை வாங்குன நாள்ல இருந்து அவன்தான் பாக்குறான். ஒரு பழக்கம் வச்சிருக்கான். எந்த வண்டிக்கு பெல்ட்டு மாத்துனாலும் தேதியும் கிலோமீட்டரும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி சீட்டுக்கு அடியில ஒட்டிருவான். மத்தவங்க சீட்டைத் தூக்குனா ஒண்ணு இருக்கும், மிஞ்சிப் போனா ரெண்டு. என் சீட்டைத் தூக்குனா நாலு ஸ்டிக்கர் வரிசையா. அவன் அதைப் பாத்தான், என்னையப் பாத்தான், ஸ்பேனரை எடுத்தான்.

கிக்கரைக் கழட்டி, பக்கத்து மூடியோட போல்ட்டை எல்லாம் எடுத்து, மூடியைத் திறந்தான் பாருங்க, உள்ள இருந்து கறுப்பாப் பொடி கொட்டுச்சு. ஒரு கை அள்ளலாம். நான் குனிஞ்சு அள்ளவும் செஞ்சேன். "அக்கா, தொடாதீங்க, போகாது"ன்னான். நான் சும்மா இருக்க மாட்டேன்ல. அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன், அது வேற சைஸு. டார்ச்சைப் பிடிச்சேன், அவன் கண்ணுல அடிச்சிருச்சு. "அக்கா, ஒரு இடத்துல உக்காருங்களேன், புண்ணியமாப் போகும்"னான். பஞ்சவர்ணம் ஒரு மூலையில ஸ்டூல்ல உக்காந்து பெல்ட்டையே பாத்துக்கிட்டிருந்தா.

நூல் நூலாப் பிரிஞ்சு வந்துச்சு பழைய பெல்ட்டு. சிக்கந்தர் அதோட ஓரத்தைத் திருப்பிக் காட்டுனான். "அக்கா, ரெண்டு ஓரமும் கண்ணாடி மாதிரி மினுங்குது பாருங்க. இது ஓடித் தேஞ்சதில்ல. எரிஞ்சது. ஒரு கை வண்டியைப் போகச் சொல்லுது, ஒரு கை போகாதங்குது. நடுவுல இது மாட்டிக்கிட்டுச் சாகுது."

"கேட்டியா பஞ்சவர்ணம், இதைத்தானே நானும் தொண்டை கிழியச் சொன்னேன்?"னு நான் திரும்புனேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அழுதாளா என்னன்னு தெரியல. பன்னெண்டு வருஷம் காத்திருந்து கிடைச்ச வேலை, ரெண்டு நாள்ல கையை விட்டுப் போகப் போகுதுன்னா அழாம என்ன செய்வா?

புது பெல்ட்டை மாட்டினான். பின்பக்கம் பெல்ட்டு சுத்துற உருளையைப் பிளந்து பெல்ட்டை உள்ள இறக்கி, முன்னாடி ஏத்தி, நட்டை முறுக்கி, கையால சுத்திப் பாத்தான். மூடி போட்டாச்சு. வண்டியை நடு ஸ்டாண்டுல போட்டான். பின் சக்கரம் தரையைத் தொடாம நிக்குது. அப்ப அவன் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டான். "அக்கா, நீங்க ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணி, லேசா முறுக்குங்க"ன்னான்.

ஏறுனா. முறுக்குனா. சக்கரம் சுத்துச்சும்மா. சர்ருன்னு ஒரே சீரா, ஒரு திக்கல் இல்ல, ஒரு அழுகை இல்ல. விட்டா, நின்னுச்சு. முறுக்குனா, சுத்துச்சு. "கை நல்லாத்தானே இருக்கு"ன்னான் சிக்கந்தர்.

"ஸ்டாண்டுல நிக்கும்போது யாருக்குத்தான் வராது? ரோட்டுல பாக்கணும்"னேன் நான்.

"சரி, நீங்களும் பின்னாடி உக்காருங்க. திடல்ல எப்படி உக்காருவீங்களோ அப்படியே"ன்னான். எனக்கென்ன, உக்காந்தேன். "முறுக்குங்கக்கா"ன்னான் அவளை. முறுக்குனா. இஞ்சின் முக்குச்சு. சக்கரம் சுத்தல. அவ இன்னும் கொஞ்சம் முறுக்குனா. அதே அழுகை. ரப்பர் கருகுற வாடை வந்துச்சு. சிக்கந்தர் விரலை மட்டும் நீட்டுனான். அவன் விரல் போற திசையில பாத்தா, என் கை. பிரேக்கு மேல.

நான் வைக்கலம்மா. சத்தியமா வைக்கல. அது அங்க போயிருந்துச்சு. அதுவும் நிக்கிற வண்டி! ஸ்டாண்டு போட்ட வண்டி எங்க போயிரப் போகுது, அதுக்குப் போய் ஒரு பிரேக்கா? எனக்கே சிரிப்பா வந்துச்சு. "பழக்க தோஷம்டா"ன்னேன். யாரும் சிரிக்கல. பஞ்சவர்ணம் திரும்பி என்னையப் பாத்தா. எப்பவும் சிரிக்கிறவ அன்னைக்குச் சிரிக்கல. "அப்ப நான் இல்லையா டீச்சர்?"னு கேட்டா. இத்தனை நாளா தன் கையைத் தானே திட்டிக்கிட்டிருந்திருக்கா போல. அதுக்கு நான் என்ன செய்யறது? அவகூடத்தான் இறுக்குனா, முதல் ரெண்டு நாள். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

கை பூரா கறுப்பு. கடைக்குப் பின்னாடி குழாய்ல சோப்புத்தூள் வச்சிருப்பான். கழுவிட்டு வர்றேன்னு போனேன். தேய்ச்சுக்கிட்டே இருக்கேன், போகவே இல்ல. அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஓடி வந்தேன், சோப்பு நுரையோட. வண்டி நின்ன இடம் காலி.

"புது பெல்ட்டு அக்கா, ஒரு ஆளு ஓட்டிப் பாக்கணும். பெட்ரோல் பங்கு வரைக்கும் போயிட்டு வரச் சொல்லியிருக்கேன்"ங்குறான் சிக்கந்தர், டீ குடிச்சுக்கிட்டு. டீ குடிக்கிறான்! "யாரைக் கேட்டுடா அனுப்பினே? அவ தனியா ஒரு அடி ஓட்டுனதில்லடா"ன்னு கத்துனேன். "அதான் அனுப்பினேன்"னான்.

பங்கு எவ்வளவு தூரம்? ஐநூறு அடி. அஞ்சு நிமிஷம் ஆச்சு, வரல. பத்து நிமிஷம், வரல. நான் ரோட்டுக்கு ஓடுனேன். பங்குல கேட்டா, "மஞ்சச் சேலை அம்மாவா? மலைப் பக்கம் திரும்பிப் போனாங்க, நல்லாத்தான் போனாங்க"ங்குறான். நல்லாத்தான் போனாங்களாம். இவனுக்கு என்ன தெரியும்? மலைப் பக்கம்னா செங்கச் சூளை லாரி வரும், ஒரு ஓடைப் பாலம் இருக்கு கைப்பிடிச் சுவரே இல்லாம, மாட்டு மந்தை வரும். எனக்கு ஒவ்வொண்ணாத் தெரியுது. பாலத்துக்குக் கீழ மஞ்சச் சேலை கிடக்குற மாதிரியே தெரியுது. பதினோரு வருஷம் ஒருத்தியை விழ விடாம வச்சிருந்தேன். இன்னைக்குப் போச்சுன்னு ரோட்டோரமே உக்காந்துட்டேன். எந்திரிச்சேன். திரும்ப உக்காந்தேன். ஒரு ஆட்டோவைப் பிடிச்சுப் போகலாம்னு பாத்தா, நாம அந்தப் பக்கம் போகும்போது அவ வேற பக்கமா வந்துட்டா? போகவும் முடியல, நிக்கவும் முடியல.

ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். அப்புறம் வந்தா. பிரேக் போட்டு, கடை வாசல்ல கோடு போட்ட மாதிரி நிப்பாட்டுனா. தலைமுடி பூராக் கலைஞ்சு, கண்ணுல தண்ணி, வாயெல்லாம் பல்லு. ஊசிமலைப்பட்டி வரைக்கும் போயிட்டாளாம்! அங்கன்வாடி வாசலைத் தொட்டுட்டு வந்தாளாம்.

நான் விட்டேனா? கடைத்தெருவே கூடிருச்சு. "செத்திருந்தா யாருடி பதில் சொல்றது? உன் மாமியாருக்கு யாரு பதில் சொல்றது? எம் பேரு என்னத்துக்கு ஆகும்?"னு பிடி பிடின்னு பிடிச்சேன். கை ஓங்கிட்டேன்னுகூடச் சொல்லலாம். அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, மெதுவா, "டீச்சர், வண்டி இவ்வளவு லேசாப் போகும்னு எனக்குத் தெரியவே தெரியாது"ன்னா.

இதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க. இத்தனை நாள் விடியக்காலைல எந்திரிச்சு, இடுப்பு ஒடிய பின்னாடி உக்காந்து, கத்துக் குடுத்தவகிட்டப் பேசுற பேச்சா இது? எனக்கு நெஞ்சு ஆறல. அன்னைக்குச் சாயங்காலம் ஒரு டப்பா நிறையக் கேசரி குடுத்து விட்டா. நான் திருப்பி அனுப்பிட்டேன். சிக்கந்தர் கடை வாசலையும் மிதிக்கல. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல வேற ஒரு கடை பிடிச்சேன். அவன் ஸ்டிக்கரெல்லாம் ஒட்ட மாட்டான், வாயையும் திறக்க மாட்டான். நிம்மதி.

அவ ஜூன் ஒண்ணாம் தேதி சேந்துட்டா. பழைய வண்டி ஒண்ணு வாங்கிட்டாளாம், தினமும் அதுலதான் போறாளாம். ஊருல நாலு பேரு வந்து சொல்லத்தானே செய்வாங்க. நான் கேட்டுக்கல.

ஊசிமலைப்பட்டிப் பக்கம் கறிவேப்பிலை நல்லா இருக்கும். நம்ம ஊருக் கறிவேப்பிலைல வாசமே இல்ல. அதுக்காக மூணு நாலு தடவை அந்தப் பக்கம் போனேன். போற வழியிலதான் அந்த அங்கன்வாடி, நான் என்ன செய்ய? வாசல்ல வேப்ப மரத்தடியில அவ வண்டி நிக்கும். ஒரு கீறல் இருக்கான்னு பாத்தேன். இல்ல. ரெண்டு பக்கக் கண்ணாடியும் சரியாத் திருப்பி வச்சிருந்தா. அது நான் சொன்னது. உள்ள பிள்ளைங்க சத்தம் கேக்கும். நான் இறங்கல, வந்துட்டேன்.

போன செவ்வாக்கிழமையும் அப்படித்தான் போனேன். திரும்பி வரும்போது, அந்தப் பாலத்தை எட்டுறதுக்கு முன்னாடி, டப்பு. அதே சத்தம். மே மாசம் சிக்கந்தர் போட்ட பெல்ட்டு ஆறாயிரம்கூட ஓடல. ஆளில்லாத ரோடு. நாலு மணி வெயில். போன்ல சிக்னல் இல்ல. இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குறேன். அப்ப ஒரு வண்டி வருது. தூரத்துலயே தெரிஞ்சிருச்சு, உக்காந்திருக்கிற விதம் என் பாடம். முதுகு நிமிந்து, முழங்கை லேசா மடங்கி.

நிப்பாட்டுனா. ஆறு மாசம் பேசாதவ, ஒண்ணுமே நடக்காத மாதிரி, "ஏறுங்க டீச்சர்"னா. என் வண்டியைப் பக்கத்துச் சூளை வீட்டுல விட்டுட்டு ஏறுனேன். வேற வழி? நடந்தா போக முடியும்?

கிளம்புனா. என் இடது கை அவ கைக்கு அடியில போயிருச்சு. நான் அனுப்பல. அவ திரும்பக்கூட இல்ல. "டீச்சர், கை"ன்னா. அவ்வளவுதான். எடுத்துட்டேன். எடுத்துட்டு எங்க வைக்கிறது? தோள்ல வச்சா அவளுக்குப் பாரம். பின்னாடி கம்பியைப் பிடிச்சா எனக்குத் தோள்பட்டை வலி. பதினோரு வருஷமா பின்னாடியே உக்காந்திருக்கேன், கையை எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியலம்மா. கடைசியில ரெண்டையும் மடியில போட்டு, ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டேன்.

அந்த ரோட்டுல ஒன்பது இடத்துல பிரேக் பிடிக்கணும். பாலம், சூளை திருப்பம், பள்ளிக்கூடத்து வேகத்தடை ரெண்டு, இப்படி. ஒவ்வொரு இடம் வரும்போதும் என் விரலு மடியிலேயே மடங்கும். மடங்குற அதே நேரத்துல அவ பிடிப்பா. முந்தவும் இல்ல, பிந்தவும் இல்ல. ஒன்பது இடத்துலயும். யாரு சொல்லிக் குடுத்தா அதை? அந்தச் சிக்கந்தரா சொல்லிக் குடுத்தான்? இந்தக் கைதான். அவ முதல்நாள் தனியா அவ்வளவு தூரம் போயிட்டு விழாம வந்தான்னா அதுக்கும் இந்தக் கைதான். நாளைக்கு இந்த பெல்ட்டை அவன்கிட்டத்தான் குடுக்கப் போறேன். குடுக்கும்போது இதையும் சொல்லிட்டுத்தான் வருவேன்.

ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போது முன்னாடி ஒரு கரும்பு டிராக்டர். ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போகுது. அவ ஒதுங்கி எட்டிப் பாத்தா. முந்தப் போறான்னு தெரிஞ்சிருச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். அவ முதுகுல அது தெரிஞ்சிருக்கும் போல.

"பயமா இருக்கா டீச்சர்?"னு கேட்டா.

கிண்டலாக் கேக்கலம்மா. பிள்ளைங்ககிட்டக் கேக்குற மாதிரி கேட்டா. பதினோரு வருஷமா அந்தக் கேள்வியைக் கேக்குறவ நான். விடியக்காலை இருட்டுல, முந்நூறு பொம்பளைங்க காதுக்குப் பின்னாடி உக்காந்து, பயமா இருக்கா, பயமா இருக்கான்னு. என்னைய ஒரு ஆளு கேட்டதில்ல. இருபத்தெட்டு வருஷமாக் கூட இருக்குற என் வீட்டுக்காரர் கேட்டதில்ல. ஒண்ணுமில்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாண்டி"ன்னேன். "எப்பவுமே இருக்கு."

இப்ப வண்டியை மெதுவாக்குவான்னு நெனச்சேன். நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். அவ மெதுவாக்கல. "சரி டீச்சர்"னா. ஒரு தடவை ஹாரன் அடிச்சா, கையை நல்லா முறுக்குனா, அந்த டிராக்டரைத் தாண்டிப் போயிட்டா.